அக்காவின் ஆட்சேபணை

கண்ணாடிக்காரனுடைய அக்காவைப் பற்றி அவள் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. அந்தம்மா பஸ்ஸுல அவங்க நிழல் ஏறினாலும் அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுவாங்க என்பார்கள். கண்டக்டர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் யாருக்கும் ஓசி கிடையாது. யாருக்கும் சில்லறை பாக்கியும் கிடையாது. இறங்கிப் போகிற ஆளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு மீதிக் காசைக் கையில் திணித்துவிட்டுத்தான் விசில் ஊதுவாள். 'சில்லறை' என்றே அவளுக்குப் பட்டப்பெயர். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கூடப்பிறந்த தம்பி ஒருமுறை ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினான். அவனுக்கு ஒன்று, லக்கேஜுக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் கிழித்தாள். "கண்ணாடிக்குள்ளயும் ஒரு ஆள் நிக்கிறான். அவனுக்கும் சேத்துக் கேக்கலையேன்னு சந்தோஷப்படு" என்றாள்.

அப்பேர்ப்பட்டவள்தான், தம்பி ஒரு கட்டடத்தில் கண்ணாடி பொருத்தும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, எழுத்தும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் தன் சேமிப்பு முழுவதையும் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தாள். அது பல் கட்டுவதற்காகச் சேர்த்த பணம். டிரைவர் போட்ட ஒரு திடீர் பிரேக்கில் கம்பியில் மோதி அவளுக்கு முன்பற்கள் போயிருந்தன. நாள் முழுக்க வாயால் பிழைக்கிற வேலை. 'ச' வரும் இடத்தில் எல்லாம் காற்றுதான் வரும். அதைக் கேட்டுச் சிரித்த பயணிகள் பலர். அவர்களிடமும் சரியாகக் காசு வாங்கினாள்.

கண்ணாடிக்காரன் எழுந்து நடமாட ஒரு வருஷம் போல ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் கடை வாடகை நின்றது, வீட்டு வாடகை நின்றது, பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கட்ட வேண்டியது நின்றது. கடன் மட்டும் நிற்கவில்லை. கடைக்காக வாங்கிய பேங்க் கடனுக்கு வட்டி கட்ட போன் ஆப்பில் கடன். ஆப்காரன் தொல்லை தாங்காமல் வாரவட்டிக்காரரிடம் கடன். அவனுடைய மனைவி மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுவரும் சம்பளம் முதல் வாரத்திலேயே ஆவியாகிவிடும். போன் மணி அடித்தால் வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்திடலாங்க" என்று முதலில் வாயைத் திறந்தவள் மனைவிதான்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் கடுதாசி கொடுப்பது, அதாவது கடன் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் திவால் மனு போடுவது என்றால், ஊரை ஏமாற்றிச் சுருட்டிக்கொண்டு கையை விரிப்பவன் செய்கிற காரியம் என்றுதான் அவன் கேள்விப்பட்டிருந்தான். சண்டையில் வசைச்சொல்லாக வேண்டுமானால் அதைச் சொல்வார்கள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு யோசனையாக யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

"நம்மள பாத்து நாலு பேரு காறித் துப்புவாங்க" என்றான்.

"இப்ப என்ன மாலையா போடறாங்க" என்றாள் அவள். "கம்பெனியில ஒருத்தங்க சொன்னாங்க. கோர்ட்டுக்குப் பின்னாடி இலவச வக்கீல் ஆபீஸ் இருக்காம். கேக்கறதுக்குக் காசு இல்லைல்ல, வாங்க."

இலவச வக்கீல் ஆபீஸ் ஒரே ஓர் அறை. பழைய கேஸ் கட்டுகள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு, அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். தவறான அளவில் வெட்டி, மரச்சட்டத்தில் இறுக்கித் திணித்த கண்ணாடி அது என்று பார்த்ததுமே தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. இங்கேயும் ஓட்டை உடைசல் உண்டு என்ற தைரியம்தான்.

வக்கீலம்மா சின்ன வயசுக்காரர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி சொன்ன பிறகுதான் கண்டுபிடித்தார். அப்புறம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வீட்டிலும் கடையிலும் இருப்பதை எல்லாம் மறைக்காமல் எழுதித் தர வேண்டும். இரண்டு, கடன் கொடுத்தவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுத வேண்டும், ஒருத்தர் விடக்கூடாது.

"எல்லாத்தையும் எழுதினா எல்லாத்தையும் எடுத்துக்குவாங்களே மேடம்" என்றான் கண்ணாடிக்காரன்.

"எடுக்க முடியாதது சிலது இருக்கு" என்று சொல்லி, வக்கீலம்மா ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினார். உடுத்துகிற துணிமணி. படுக்கை. சமையல் பாத்திரம். பிள்ளைகளின் பாடப்புத்தகம். தொழில் செய்கிறவனின் கருவிகள்.

"கருவின்னா?"

"நீங்க எத வச்சுப் பிழைக்கிறீங்களோ அது."

"என் வைரமுனைக் கட்டரு?"

"அதுவும்தான்."

"வெட்டுற மேஜை? பெரிய கண்ணாடியத் தூக்குற ரப்பர் கப்பு?"

"எதையும் தொட முடியாது" என்றார் வக்கீலம்மா.

கண்ணாடிக்காரன் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால், முகம் தெரியாத சில பெரிய மனிதர்கள் ஏதோ ஒரு மண்டபத்தில் கூடி உட்கார்ந்து, ஒருவன் கெட்டு நொடித்துப் போனாலும் அவனுக்குச் சோறாக்க ஒரு பானை வேண்டும், படுக்க ஒரு பாய் வேண்டும், மறுநாள் வேலைக்குப் போகக் கையில் ஒரு கருவி வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். யோசித்ததோடு விடாமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதுவரை சட்டம் என்றால் தன்னைத் துரத்துவது என்று மட்டும்தான் நினைத்திருந்தான். அது தன் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்பது அவனுக்கு மெய்சிலிர்க்கிற சங்கதியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவி அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இனிமே யாருக்கும் தனியா ஒரு பைசா குடுக்கக்கூடாது" என்றார் வக்கீலம்மா. "பேங்க்கா இருந்தாலும் சரி, சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி. எல்லாரும் ஒரே வரிசை. இருக்கறத கோர்ட்டு பிரிச்சுக் குடுக்கும். பாக்கி தள்ளுபடி."

"சரிங்க மேடம்" என்று இரண்டு பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்கள்.

ஆட்டினார்களே தவிர, வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான். அக்கா. அவள் பெயரை எழுதினால் கோர்ட்டிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் போகும். வாரவட்டிக்காரர் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருக்கும். கடைசியில் அவள் பணமும் தள்ளுபடி. ஒரு சில்லறைக்காக ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவளிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

"அண்ணி பேரு மட்டும் அதுல வரக்கூடாதுங்க" என்றாள் மனைவி.

"நானும் அததான் நினைச்சேன்" என்றான் அவன்.

கடையில் ஓட்டை மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. காதும் காதும் வைத்த மாதிரி அதை விற்றான். கிடைத்த பணம் அக்காவின் கடனுக்கு அநேகமாகச் சரியாக இருந்தது. துண்டு விழுந்ததை மனைவி தன் சம்பளத்திலிருந்து போட்டாள். அவன் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பெரிய ஆர்டர் ஒன்று வந்ததாகச் சொன்னான். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, "நல்லா இரு" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஊரார் கடனுக்குக் கோர்ட்டு, அக்கா கடனுக்கு நான் என்று தனக்குத்தானே மார்தட்டிக்கொண்டான்.

அந்த மார்தட்டல் அடுத்த வாரம் வரைக்கும்தான் நீடித்தது.

வக்கீலம்மா பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், "போன தடவ மோட்டார் சைக்கிள் இருக்குன்னு சொன்னீங்களே" என்றார்.

"வித்துட்டேன்."

"பணம்?"

அவன் மேஜையைப் பார்த்தான். மனைவிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அண்ணிக்கு, இவரோட அக்காவுக்குக் குடுத்துட்டோம் மேடம்" என்று பெருமையாகவே சொன்னாள்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "இங்க வர்றவங்க பாதிப் பேரு இதத்தான் செய்யறாங்க" என்றார். "யாரு மேல மரியாதை அதிகமோ அவங்களுக்கு ரகசியமாக் குடுத்துடறாங்க. கோர்ட்டு கண்ணுக்கு அது மரியாதையாத் தெரியாது. ஒருத்தருக்கு முழுசா குடுத்துட்டு மத்தவங்களுக்கு நாமம் போட்டதாத்தான் தெரியும். மனுவத் தள்ளிடுவாங்க. தள்ளிட்டா அந்தப் பாத்திரம், படுக்கை, கருவி, எதுக்கும் பாதுகாப்பு இல்ல. நாளைக்கே ஆள் வந்து கடைப் பூட்ட உடைக்கலாம்."

"இப்ப என்ன பண்றது?"

"அக்காகிட்ட இருந்து பணத்தத் திருப்பி வாங்கி கோர்ட்டுல கட்டணும். அவங்க பேரப் பட்டியல்ல எழுதணும்."

கடன் வாங்கப் போகும்போது கூனிக் குறுகிப் போயிருக்கிறான். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் ஒளிந்திருக்கிறான். திருப்பிக் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்கப் போகிறவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருப்பான் என்று கண்ணாடிக்காரனுக்குத் தோன்றியது.

டிப்போவில் அக்கா முந்தின நாள் வசூலைக் கட்டிவிட்டு, கண்டக்டர்கள் உட்காரும் பெஞ்சில் தனியாக இருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. பல் டாக்டரிடம் பணத்தைக் கட்டிவிட்டாள். முறிந்த பல்லின் வேர்களை அன்று காலையில்தான் பிடுங்கியிருந்தார்கள். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சைகையில் காட்டினாள்.

ஓடிவிடலாமா என்று பார்த்தான். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவால் குறுக்கே பேச முடியாத நேரம் இது என்பதும் உறைத்தது. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் கடுதாசி, பட்டியல், விற்ற வண்டி, வராத ஆர்டர், வக்கீலம்மா சொன்னது, எல்லாம். சொல்லி முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை.

அக்கா எழுந்து போனாள். குழாயடியில் துப்பும் சத்தம் கேட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"ஏண்டா, வாரவட்டிக்காரன் பேர எழுத உனக்கு வெக்கம் இல்ல. என் பேர எழுதத்தான் வெக்கமா?"

"உன் பணம் போயிடும்கா."

"போனாப் போகுது. கணக்குல வராத பணத்த எங்கிட்டக் குடுத்து என்னையும் கள்ளக்கணக்கு ஆக்கிட்டியே. அதுதான்டா எனக்கு எரியுது." அவளுக்கு வாயோரத்தில் இரத்தம் கசிந்தது. துடைத்துக்கொண்டாள். "போய் எழுது. கொட்டை எழுத்துல எழுது."

மறுநாள் அவள் பல் டாக்டரிடம் போய் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொன்னாள். வேர் பிடுங்கிய கூலியை எடுத்துக்கொண்டு பாக்கியைத்தான் டாக்டர் கொடுத்திருக்க முடியும். ஆனால் அவள் கொண்டுவந்து கொடுத்தது முழுப் பணம். மீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே அவன் அதை வாங்கிக் கோர்ட்டில் கட்டினான். அந்த மாதம் முழுக்க அவள் ஓய்வு நாளிலும் பஸ்ஸில் நின்றாள் என்று மகள் வந்து சொன்னாள். "அத்தைக்கு லீவே கிடையாதாப்பா?" என்று கேட்டாள். அக்கா எப்படிப்பட்ட மனுஷி என்று அவனுக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு வயிற்றில்தானே பிறந்தோம், இது எனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தான்.

அந்தத் திகைப்பில்தான் அவன் இரண்டாவது தப்பைச் செய்தான். பட்டியலில் அக்காவின் பெயரை எழுதும்போது வக்கீலம்மா, "வட்டி ஏதாவது பேசினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் நேற்று முளைத்த ஆப்காரனுக்கெல்லாம் வட்டியும் அபராதமுமாக எழுதியிருக்க, பல்லைக் கொடுத்தவள் பெயருக்கு நேரே மட்டும் மொட்டையாக ஒரு தொகை இருப்பதை அவனால் பார்க்கப் பொறுக்கவில்லை. "பேசினோம்" என்றான். மனைவி அவனைப் பார்த்தாள். வக்கீலம்மா பேங்க் வட்டியையே போட்டுக் கூட்டி எழுதினார். அவன் கையெழுத்துப் போட்டு, எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியமும் செய்தான்.

விசாரணை நாளில் கோர்ட்டு அறையில் உட்கார இடமில்லை. பேங்க் அதிகாரி கோப்போடு வந்திருந்தார். ஆப் கம்பெனி ஒரு வக்கீலை அனுப்பியிருந்தது. வாரவட்டிக்காரர் வெற்றிலைச் சிவப்பு வாயோடு... இல்லை, அன்றைக்கு அவரும் வாயைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு பயபக்தியாக வந்திருந்தார். எல்லாரும் கதவருகே அடைத்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து பழக்கமான குரல் கேட்டது. "முன்னாடி எடம் இருக்கு பாருங்க, உள்ள போங்க, உள்ள போங்க." பேங்க் அதிகாரி உட்பட எல்லாரும் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே நகர்ந்தார்கள். அக்கா யூனிபாரத்தில் வந்திருந்தாள். மதியம் டூட்டி.

நீதிபதி ஒவ்வொரு பெயராகப் படித்தார். பேங்க்கின் பெயரைப் படித்த அதே குரலில்தான் மளிகைக் கடைக்காரர் பெயரையும் படித்தார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இத்தனை நாள் இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து கதவைத் தட்டியவை. இப்போது எல்லாம் ஒரே வரிசையில் அடங்கி நின்று, ஒரு மனிதர் படிக்கப் படிக்க 'இருக்கேன்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

"இந்த மனு மேல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பேங்க் அதிகாரி இல்லை என்றார். ஆப் வக்கீல் இல்லை என்றார். வாரவட்டிக்காரர் முணுமுணுத்துவிட்டு இல்லை என்றார்.

"உங்களுக்கு?"

"இருக்குங்க" என்றாள் அக்கா.

கண்ணாடிக்காரனின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மா பாதி எழுந்து நின்றார்.

"என்ன ஆட்சேபணை?"

"எனக்குக் குடுக்க வேண்டிய தொகைய தப்பா எழுதியிருக்கு."

"எவ்வளவு குறையுது?"

"குறையலைங்க. கூட இருக்கு. வட்டின்னு போட்டிருக்கு. நான் வட்டிக்குக் குடுக்கல. அத அடிச்சிடுங்க."

நீதிபதி தாளைப் புரட்டிப் பார்த்தார். "வட்டி உண்டுன்னு மனுதாரர் சத்தியம் பண்ணியிருக்காரே" என்றார். அப்போதுதான் கண்ணாடிக்காரனுக்குத் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது புரிந்தது. பொய்ச் சத்தியம். கடை, கருவி, பாத்திரம் எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் போகலாம். எழுந்து நின்றான்.

"வட்டி பேசினது உண்மையா?" என்றார் நீதிபதி.

"பொய்ங்க" என்றான். "அக்கா ஒரு பைசா வட்டி கேக்கல. அசலே திரும்ப வராதுன்னு எனக்குத் தெரியும். எழுத்துலயாவது அவங்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும்னு எழுதிட்டேன். தப்புதாங்க."

நீதிபதி அவனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

வக்கீலம்மா அக்காவின் காதருகே குனிந்து, "இருக்கற பணத்த தொகைக்குத் தகுந்தபடிதான் பிரிப்பாங்க. இதக் குறைச்சா உங்க பங்கும் குறையும்மா" என்றார்.

"குறையட்டும்" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. "அவன் எனக்கு எவ்வளவு தரணும்னு எனக்குத்தானே தெரியும். கோர்ட்டுல எம் பேருக்கு நேரா பொய்க் கணக்கு இருந்தா நான் நாளைக்கு எப்படி வண்டியில நின்னு அடுத்தவங்ககிட்ட காசு கேப்பேன்? ஐயா, அவன் ஏமாத்த நினைச்சுச் சொல்லல. எனக்குப் பெருமை பண்றதா நினைச்சுச் சொல்லிட்டான். அறிவு அவ்வளவுதான் அவனுக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வட்டியை அடித்துத் திருத்தி எழுதச் சொன்னார். திருத்திய இடத்தில் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். இனி சத்தியம் செய்யும்போது யோசித்துச் செய்ய வேண்டும் என்று கண்ணாடிக்காரனை எச்சரித்துவிட்டு, மனுவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். இனி கடன் கேட்டு அவன் வீட்டுக்கோ கடைக்கோ யாரும் போகக்கூடாது. எதுவானாலும் கோர்ட்டு வழியாகத்தான்.

மனைவி அப்படியே உட்கார்ந்து அழுதாள். வாரவட்டிக்காரர் அக்காவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒதுங்கச் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

வெளியே படிக்கட்டில் அக்கா வேகமாக இறங்கிக்கொண்டிருந்தாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடிக்காரன் பின்னாலேயே ஓடினான். "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டான்.

அவள் நின்றாள்.

"இனிமே அந்தக் கடன் கோர்ட்டுக்கும் எனக்கும்தான். உனக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. சரிதானே?"

"சரிக்கா."

"அப்ப தலையத் தூக்குடா. ஆஸ்பத்திரியில அந்தப் பணத்தக் குடுத்ததுலேர்ந்து நீ என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசல."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.